எழுத்துக்கு முன் ஓர் எழுத்து: ஒன்ராறியோவில் திருமண ஒப்பந்தம் செய்ய ஒரு முழு வழிகாட்டி

கலியாணத்துக்கு முன் ஒப்பந்தம் என்றதும் எங்கள் வீடுகளில் முதலில் வருகிற பதில், "உது வெள்ளைக்காரரின்ரை பழக்கம்" என்பதுதான். அப்படிச் சொல்கிற அம்மம்மாவின் பெட்டியைத் திறந்தால் அடியில் ஒரு சீதன உறுதி மடித்து வைத்திருப்பார். எந்தக் காணி, எத்தனை பரப்பு, வடக்கு எல்லையில் யாருடைய வளவு, கிணற்றில் பங்கு உண்டா, வழிவாய்க்கால் எங்கே என்பதுவரை நொத்தாரிசு எழுதியிருப்பார்.

1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, குடும்பச் சொத்தை மூன்றாகப் பார்த்தது. பரம்பரையாக வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்து அனுப்பியது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு இருவரும் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். சீதனத்தை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அது எத்தனை பெண்களின் வாழ்க்கையைத் தள்ளிப்போட்டது என்று எனக்குத் தெரியும். "கொண்டுவந்தது எது, சேர்ந்து தேடியது எது" என்று பிரித்து எழுதி வைப்பது எங்களுக்கு அந்நியமான காரியம் அல்ல என்பதற்காகவே சொல்கிறேன். கனடாவில் பிரினப் என்று பேச்சில் சொல்லப்படுவதும் அடிப்படையில் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நான் சட்டத்தரணி அல்ல. ரொறன்ரோவில் குடும்பச் சட்ட அலுவலகங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். பிரியும்போது வந்து அழுகிறவர்களையும், சேருவதற்கு முன் வந்து வெட்கப்படுகிறவர்களையும் ஒரே மேசையில் பார்த்திருக்கிறேன். கீழே இருப்பவை ஒன்ராறியோ மாகாணத்துக்கு மட்டுமே பொருந்தும். கியூபெக்கில் நடைமுறை வேறு. அங்கே திருமண ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னிலையில்தான் எழுத வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சட்டமும் வேறு.

ஒன்றும் எழுதாவிட்டால் என்ன நடக்கும்?

ஒப்பந்தம் தேவையா என்று யோசிக்க முன், எழுதாவிட்டால் சட்டம் என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் எழுதாத ஆட்களுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. அரசாங்கம் எழுதிய அந்த ஒப்பந்தத்தின் பெயர் குடும்பச் சட்டம்.

அந்தச் சட்டம் வீட்டையும் காரையும் நடுவால் வெட்டிக் கொடுப்பதில்லை. சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே இருக்கும். பார்ப்பது வளர்ச்சியை. கலியாண நாளில் உங்களிடம் இருந்த சொத்தில் கடனைக் கழித்தால் ஒரு தொகை. பிரிந்த நாளில் அதே கணக்கு இன்னொரு தொகை. இரண்டுக்கும் இடையில் கூடியது எவ்வளவோ, அதுதான் உங்கள் கணக்கு. துணைக்கும் அப்படியே ஒரு கணக்கு. சொத்துக் கூடுதலாக வளர்ந்தவர், வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குப் பணமாகக் கொடுக்க வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு வேறொருவரிடமிருந்து வந்த அன்பளிப்பும் முதுசமும் பிரிந்த நாளில் இன்னும் கையில் இருந்தால் கணக்கில் சேராது. ஒருவர் இறந்ததால் ஆயுள் காப்புறுதியிலிருந்து வந்த பணமும் அப்படியே.

இதுவரைக்கும் தேசவழமைக்காரருக்குப் புதிதாக ஒன்றுமில்லை. சிக்கல் குடியிருக்கும் வீட்டில் தொடங்குகிறது. தம்பதி சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும், எப்போது வாங்கியிருந்தாலும், அதற்கு மட்டும் தனிச் சட்டம். கலியாண நாளில் அந்த வீட்டில் உங்களுக்கு இருந்த பெறுமதியைக் கழிக்க முடியாது.

இலக்கத்தில் பார்ப்போம். மாப்பிள்ளை கலியாணத்துக்கு முன்பே மார்க்கம் நகரில் ஒரு கொண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கியிருக்கிறார். கலியாண நாளில் அதன் விலை 500,000 டொலர், மோட்கேஜ் (வீட்டுக் கடன்) 300,000. அவர் பங்கு 200,000. கலியாணம் முடிந்து இருவரும் அதிலேயே குடியிருக்கிறார்கள். சில வருடம் கழித்துப் பிரிகிறார்கள். அப்போது விலை 650,000, மோட்கேஜ் 200,000, அவர் பங்கு 450,000. பெண்ணின் வளர்ச்சி 50,000 என்று வைத்துக்கொள்வோம். வேறு சொத்து ஒன்றும் இல்லை.

அந்தக் கொண்டோவை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ குடியிருந்திருந்தால், அவருடைய வளர்ச்சி 450,000இல் 200,000 போக 250,000. பெண்ணுடையதைக் கழித்து வரும் 200,000இல் பாதி, 100,000 டொலரை அவர் கொடுக்க வேண்டும். ஆனால் அதிலேயே குடியிருந்தபடியால் கழிவு கிடையாது. 450,000 முழுவதும் அவர் வளர்ச்சியாகவே எடுக்கப்படும். 50,000ஐக் கழித்துப் பாதி போட்டால் 200,000 டொலர். இரவு வேலை செய்து கலியாணத்துக்கு முன் சேர்த்த 200,000இல் பாதி, அந்த வீட்டில் படுத்து எழும்பியதால் மட்டும் கணக்குக்குள் போய்விட்டது.

பெண் வாங்கிய வீட்டுக்குள் மாப்பிள்ளை வந்து குடியேறினாலும் இதே கணக்குத்தான். இப்போது எங்கள் பிள்ளைகளில் கலியாணத்துக்கு முன்பே வீடு வாங்கிய பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

முதுசமும் இப்படியே வழுக்கிப் போகும். அப்பா இறந்து வந்த பணத்தை உங்கள் பெயரில் தனிக் கணக்கில் வைத்திருந்தால் அது உங்களுடையது. அதை எடுத்துக் குடியிருக்கும் வீட்டின் மோட்கேஜைக் கட்டினால், கணக்கில் சேராது என்ற அந்த விலக்குப் போய்விடும்.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு ஒன்ராறியோவில் இந்தப் பங்கீட்டுச் சட்டம் இல்லை. அவர்கள் சேர்ந்து வாழ்வதற்கான ஒப்பந்தம் எழுதலாம். பிறகு ஒருவரையொருவர் திருமணம் செய்தால் அதுவே திருமண ஒப்பந்தமாக மாறிவிடும். ஆகவே கலியாணம் வரப்போகிறது என்று தெரிந்தால் அதை மனதில் வைத்தே எழுதுங்கள்.

உங்களுக்கு இது வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இருவரும் இருபதுகளில், இருவரும் வேலை, பேஸ்மென்ட் வாடகை, கையில் பெரிதாக ஒன்றுமில்லை, படிப்புக் கடன் மட்டும் கொஞ்சம் என்றால், சட்டம் எழுதி வைத்திருப்பதே பெரும்பாலும் நியாயமாக இருக்கும். சட்டத்தரணிக்குக் கொடுக்கிற காசை முற்பணத்தில் போடலாம்.

கலியாணத்துக்கு முன் வாங்கிய வீட்டில் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் யோசியுங்கள். அம்மா அப்பா வீடு வாங்க 100,000, 150,000 என்று தரப்போகிறார்கள் என்றாலும் அப்படித்தான். குடும்பக் கடையில், ட்ரக் கொம்பனியில், உணவகத்தில் பங்கு இருந்தாலும், முதல் கலியாணத்துப் பிள்ளைகள் இருந்தாலும், ஒருவருக்குப் பெரிய கடன் இருந்தாலும் எழுதுவதே நல்லது. இரண்டாம் கலியாணம் என்றால் என் அபிப்பிராயத்தில் எழுதாமல் இருப்பதுதான் பிழை. முதல் தாரத்துப் பிள்ளைகளின் பங்கை யாராவது ஒருவர் பேசத்தான் வேண்டும்.

எப்படிக் கதையைத் தொடங்குவது

ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் இது. கதையை இருவரில் ஒருவர்தான் தொடங்க வேண்டும். மாமியார் வழியாகவோ, பேச்சுக்கால் கொண்டுவந்த தரகர் வழியாகவோ, வட்சப்பில் ஒரு சட்டத்தரணியின் கடிதமாகவோ போகக் கூடாது. அப்படிப் போனால் அந்தக் காகிதம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அவமானமாகத்தான் படும்.

ஒரு சோடி எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தது. எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளை சொன்னார்: "இவவை ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனனான். வீட்டுக்கு அம்மா தன்ரை ரிட்டயர்மென்ட் காசு போட்டவ, அது எனக்குப் பயமா இருக்கு எண்டு சொன்னன். நீர் என்ன நினைக்கிறீர் எண்டு கேட்டன்." அந்தப் பிள்ளை உடனே பதில் சொல்லவில்லையாம். கோப்பையின் மூடியை மடித்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, உங்கடை அம்மான்ரை காசு பத்திரம். நான் பிள்ளை பிறந்து வேலையை விட்டா என்ரை நிலைமை என்ன? அதையும் எழுதுவீங்களோ?" என்று கேட்டாராம்.

நல்ல ஒப்பந்தத்துக்கு வேண்டிய இரண்டு கேள்விகளும் அந்த மேசையிலேயே வந்துவிட்டன. ஒருவருடைய பயத்தை மட்டும் எழுதினால் அது மற்றவர் கழுத்தில் போட்ட கயிறு. இருவருடைய பயத்தையும் எழுத வேண்டும். அதனால் நான் சொல்வது, சட்டத்தரணியிடம் போக முன் ஆளுக்கொரு தாளில் "எனக்கு எதைப் பற்றிப் பயம்" என்று ஐந்து வரி எழுதுங்கள். மாற்றி வாசியுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

கணக்கை மேசையில் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

ஒன்ராறியோவில் நீதிமன்றம் ஒரு திருமண ஒப்பந்தத்தைத் தள்ளிவைக்க மூன்று வழிகள் சட்டத்தில் உண்டு. முக்கியமான சொத்தையோ கடனையோ மறைத்தது ஒன்று. கையெழுத்து வைத்தவருக்கு அதன் தன்மையோ விளைவோ விளங்காதது இரண்டு. மிரட்டல், வற்புறுத்தல், ஏமாற்று என்று எந்த ஒப்பந்தத்தையும் உடைக்கக்கூடிய காரணங்கள் மூன்றாவது. 2008இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த லெவான் வழக்கில், கணவர் தன் குடும்பத் தொழிலில் இருந்த சொத்தின் பெறுமதியை முழுதாக வெளியிடவில்லை. ஒப்பந்தம் நிற்கவில்லை. பாதுகாக்க வேண்டும் என்று எழுதிய சொத்தை மறைக்கப்போய் அந்தப் பாதுகாப்பையே இழந்தார்.

வீட்டுக்கு விலை மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டுக் கலியாணத் திகதிக்குக் கிட்டிய மதிப்பு எடுங்கள். வங்கிக் கூற்றுகள், ஆர்.ஆர்.எஸ்.பி. (ஓய்வுகாலச் சேமிப்பு), ரி.எஃப்.எஸ்.ஏ. (வரியில்லாச் சேமிப்பு), வேலையிடத்து ஓய்வூதியம், கிரெடிட் கார்ட், கார்க் கடன், மூன்று வருட வருமான வரிக் கூற்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். இவை எந்தச் சட்டத்தரணியும் கேட்பவை. எங்கள் ஆட்கள் விட்டுவிடுகிறவை வேறு.

முதலாவது சீட்டு. மாதம் 1,000 டொலர்ப்படி 20 பேர் சீட்டுக் கட்டுகிறோம். அதை யாரும் சொத்து என்று நினைப்பதில்லை. 12 மாதம் கட்டி இன்னும் எடுக்காதவருக்கு அது வரவேண்டிய பணம். மூன்றாம் மாதமே கழித்து எடுத்தவருக்கு மிச்சம் 17 மாதமும் கடன். ஒருமுறை ஒரு பெண் தன் பட்டியலை முழுதும் வாசித்து முடித்தபிறகு, கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, "அக்கா, இதையும் சொல்லவேணுமோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். மூன்று சீட்டு, பச்சை மையில் மாதாமாதம் குறித்திருந்தார். மாப்பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் கோபப்படவில்லை, தன் லைன் ஒப் கிரெடிட்டில் (வங்கிக் கடன் கணக்கில்) இருந்த 22,000 டொலர்க் கடனை அப்போதுதான் அவரும் வாய் திறந்து சொன்னார்.

இரண்டாவது ஊர்க் காணி. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உங்கள் பெயரில் இருக்கும் காணியும் வீடும் ஒன்ராறியோக் கணக்கில் சேரும். இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்தின் சட்டம்தான் பங்கீட்டைத் தீர்மானிக்கும். காணி எங்கே இருக்கிறது என்பது அல்ல. "அது ஊரிலைதானே" என்று பட்டியலில் விட்டால் மறைத்ததாகிவிடும். பெறுமதியும் உறுதியின் பிரதியும் எடுத்து வையுங்கள். அந்தக் காணியை விற்பது வாங்குவதற்கு இலங்கைச் சட்டம் தனி. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் சொந்தக் காணியை விற்கவும் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதனால் காணி விஷயத்தில் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவரிடமும் ஒரு சொல் கேளுங்கள்.

மூன்றாவது நகை. தாலிக்கொடியே பல பவுண். அதை மாப்பிள்ளை வீட்டார் செய்து போட்டது, பெண்ணின் கழுத்தில் இருப்பது. பிரிந்தால் யாருடையது? இதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதில். ஒப்பந்தத்தில் ஒரே வரியில் தீர்க்கலாம்: கொடியும், கலியாணத்தில் போட்ட நகையும் பெண்ணின் தனிச்சொத்து. நிறையையும் படத்தையும் இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

நான்காவது, அம்மா அப்பாவுக்காக உங்கள் பெயரில் இருப்பது. மோட்கேஜ் கிடைக்கவேண்டும் என்று மகனுடைய பெயரையும் உறுதியில் போட்ட வீடுகள் ஸ்காபுரோவில் வீதிக்கு வீதி உண்டு. அந்த வீட்டில் உங்களுக்கு உண்மையில் பங்கு உண்டா, வெறும் பெயரா? கலியாணத்துக்கு முன்பே சட்டத்தரணியிடம் சொல்லி, அதை ஓர் ஆவணத்தில் தெளிவாக்குங்கள். பிரிவு வந்தபிறகு "அது அப்பாவின்ரை வீடு" என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

என்ன எழுதலாம், எப்படி எழுதலாம்

வீட்டிலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன கொண்டோவுக்கு, "கலியாண நாளில் இருந்த 200,000 டொலர் மாப்பிள்ளைக்கு முதலில் கழிக்கப்படும், அதற்கு மேல் வளர்ந்தது இருவருக்கும் சமம்" என்று எழுதினால் எனக்கு நியாயமாகப் படும். "வீடு முழுவதும் அவருடையது, அவளுக்கு ஒன்றுமில்லை" என்று எழுதலாம், சட்டம் தடுக்காது. ஆனால் பத்து வருடம் மளிகைச் செலவும் பிள்ளைகளின் செலவும் அவள் பார்த்து, மோட்கேஜ் அவர் கட்டியிருந்தால், அது நியாயமா?

இடைவழியும் இருக்கிறது. 2004இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹார்ட்ஸோர்ன் வழக்கில், கணவரின் வீட்டில் மனைவிக்குத் திருமணம் நீடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 3 சதவீதம், ஆகக்கூடியது 49 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா வழக்குத்தான், ஆனால் படிப்படியாக ஏறும் பங்கு என்ற யோசனை எங்கும் உதவும்.

பெற்றோரின் பணத்துக்கு வருவோம். வீடு வாங்கும்போது அம்மா அப்பா தரும் முற்பணத்துக்கு, திருப்பிக் கேட்கமாட்டோம் என்று வங்கி ஓர் அன்பளிப்புக் கடிதம் வாங்கும். அதில் கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு "கடனாகத் தந்தது" என்று சொன்னால் நிற்காது. வங்கிக்கு ஒரு கடிதமும் வீட்டில் ஒரு கடன் சீட்டும் எழுதி வைப்பது நேர்மையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அன்பளிப்பு என்றால் அன்பளிப்பு. ஆனால் அது குடியிருக்கும் வீட்டுக்குள் போவதால் விலக்குப் போகும் என்பதை நினைவில் வைத்து, திருமண ஒப்பந்தத்தில் "பெண்ணின் பெற்றோர் தந்த 120,000 டொலர், வீடு விற்கும்போதோ பிரியும்போதோ முதலில் பெண்ணுக்கு" என்று எழுதலாம். இந்த ஒரு பந்தியைக் கேட்கும்போது அழுத அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் அடித்துச் சேர்த்த காசு அது.

குடும்பத் தொழிலில் பங்கு இருந்தால், அந்தப் பங்கும் அதன் வளர்ச்சியும் கணக்குக்கு வெளியே என்று எழுதுவது வழக்கம். அங்கே சம்பளம் குறைவாக எடுத்துக்கொண்டு லாபத்தைத் தொழிலுக்குள்ளேயே விடுகிறவர் என்றால், மற்றவருக்கு வேறு ஏதாவது ஈடு வேண்டும்.

வாழ்க்கைத்துணைக்கான பராமரிப்புப் பணம் பற்றி எழுதலாம், விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். ஆனால் இதில் நீதிமன்றம் கண்மூடித்தனமாக ஒப்பந்தத்தைப் பின்பற்றாது. விட்டுக்கொடுத்தவர் அரச உதவிப் பணத்தில் வாழும் நிலைக்கு வந்தால், அல்லது விளைவு மனச்சாட்சிக்கு ஒவ்வாததாக இருந்தால், அந்த வரியைத் தள்ளிவைக்கலாம். பிள்ளைக்காக வேலையை விடுவது யார், விட்டால் என்ன ஏற்பாடு என்று எழுதுவதே புத்தி. ரிம் ஹோர்ட்டன்ஸ் மேசையில் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கான பந்தி இதுதான். கடைசியில் அரைப் பக்கம் வந்தது.

எழுத முடியாதவை சில உண்டு. பிள்ளைகள் யாரோடு இருப்பார்கள், பெற்றோருக்கு எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. பிள்ளைக்கான பராமரிப்புப் பணத்தைக் குறைத்து எழுதினால், பிள்ளையின் நலனையும் அரசாங்க அட்டவணையையும் பார்த்து நீதிமன்றம் அதைப் புறந்தள்ளலாம். குடியிருக்கும் வீட்டில் இருவருக்கும் உள்ள வாழும் உரிமையைப் பறிக்க முடியாது. யார் பெயரில் வீடு இருந்தாலும் மற்றவர் சம்மதமின்றி அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்ற பாதுகாப்பையும் ஒப்பந்தத்தால் நீக்க முடியாது. "பிரிந்தால் அடுத்த நாளே வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்" என்று ஒரு மாமனார் எழுதச் சொன்னார். சட்டத்தரணி அதை அப்படியே கோடு போட்டு வெட்டினார். ஒழுக்கமாக இருந்தால்தான் பணம் என்கிற வரியும் செல்லாது.

இரண்டு சட்டத்தரணிகள், ஒரு மொழிபெயர்ப்பாளர்

சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும், சாட்சி வேண்டும். ஆளுக்கொரு சட்டத்தரணி இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடவில்லை. ஆனாலும் ஆளுக்கொருவர் வையுங்கள். ஒருவருடைய சட்டத்தரணி எழுதுவார்; மற்றவர் தன் சொந்தச் சட்டத்தரணியிடம் கொண்டுபோய் வரிக்கு வரி கேட்டு, என்னத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று விளங்கி, தனி ஆலோசனை பெற்றதாகச் சான்று வாங்க வேண்டும். செலவைக் கூடுதல் வசதியுள்ளவர் கொடுக்கலாம், ஆனால் ஆளைத் தேர்வது மற்றவராக இருக்க வேண்டும். யாரையும் தெரியாவிட்டால் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையில் 30 நிமிடம்வரை இலவசமாகப் பேச ஒருவரைத் தருவார்கள்.

ஊரிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஸ்பொன்சரில், அதாவது கனடாவில் இருக்கும் துணை பொறுப்பேற்றுக் கூப்பிட, வருகிறவர்கள் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வந்து இரண்டு கிழமை, ஆங்கிலம் ஓரளவு, மாப்பிள்ளையின் அக்கா பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க, நீட்டிய இடத்தில் கையெழுத்து. இப்படி எழுதிய ஒப்பந்தம் உடையும் வாய்ப்பு அதிகம். அதைவிட முக்கியம், அப்படி ஒரு வாழ்க்கை தொடங்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் உறவினராக இருக்கக் கூடாது. சட்டத்தரணியோடு பேசும் அறையில் மாப்பிள்ளை வீட்டார் யாரும் இருக்கக் கூடாது. தமிழில் கேட்டுத் தமிழிலேயே விளங்கியது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

ஸ்பொன்சர் செய்தவர் துணையை மூன்று வருடம் தாங்குவேன் என்று அரசாங்கத்துக்குக் கொடுக்கும் வாக்கைத் திருமண ஒப்பந்தத்தால் இரத்துச் செய்ய முடியாது. "கையெழுத்து வைக்காவிட்டால், பிரிந்தால், திருப்பி அனுப்பிவிடுவம்" என்று சிலர் வெருட்டுவார்கள். வந்தபிறகு இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்றிருந்த நிபந்தனையை 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். நிரந்தர வதிவிடம் கிடைத்தபின் உறவு முறிந்தது என்பதற்காக மட்டும் யாரும் அனுப்ப முடியாது. இந்த வெருட்டோடு ஒப்பந்தம் வந்தால் கையெழுத்து வைக்காதீர்கள், உங்கள் சட்டத்தரணியிடம் தனியாகச் சொல்லுங்கள்.

எப்போது கையெழுத்து

எங்கள் கலியாணங்களில் திகதிக் குழப்பம் ஒன்று உண்டு. எழுத்து (சட்டப்படியான திருமணப் பதிவு) ஒரு நாள், தாலி இன்னொரு நாள். ஸ்பொன்சருக்காக எழுத்து ஆறு மாதம், ஒரு வருடம் முந்திக்கூட நடக்கும். சட்டம் பார்ப்பது சட்டப்படி மணமான நாளை. ஆகவே "கலியாணத்துக்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கு" என்று நினைக்கிறவர், எழுத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் விடுவார். கணக்கெடுக்கும் நாளும் அதுவே.

எழுத்துக்கு நாலைந்து மாதம் முன்பே கதையைத் தொடங்கி, ஒரு மாதம் முன்பாவது கையெழுத்தை முடித்துவிடுங்கள். ஒன்ராறியோவில் இத்தனை நாள் இடைவெளி என்று கட்டாயம் இல்லை. கலிபோர்னியாவில் இறுதிப் பிரதி கையில் கொடுத்து ஏழு நாள் கழிந்துதான் கையெழுத்து. முன்னே சொன்ன ஹார்ட்ஸோர்ன் தம்பதி கலியாண நாளிலேயே கையெழுத்திட்டார்கள், ஒப்பந்தம் நின்றது. ஆனால் அவர்கள் இருவருமே சட்டத்தரணிகள். அது நியாயமில்லை என்று மனைவிக்கு எழுத்தில் எச்சரிக்கையும் கிடைத்திருந்தது. அதைப் பார்த்துத் துணிய வேண்டாம். மண்டபத்துக்குக் காசு கட்டி, ஊரிலிருந்து சித்தப்பா வந்து இறங்கியபிறகு நீட்டப்படும் காகிதத்துக்கு ஒரு பெண் எப்படி மாட்டேன் என்று சொல்வாள்?

நேரம் போதவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். திருமண ஒப்பந்தத்தைக் கலியாணத்துக்குப் பிறகும் எழுதலாம், சட்டம் அதை ஏற்கிறது. கொதியோடு முடித்த ஒப்பந்தத்தைவிட ஆறு மாதம் கழித்து ஆற அமர எழுதியது எவ்வளவோ மேல்.

கையெழுத்து நாளில் பக்கத்துக்குப் பக்கம் முதலெழுத்து, சொத்துப் பட்டியல்கள் இணைப்பாக, ஒவ்வொருவருடைய கையெழுத்துக்கும் அவரவர் சட்டத்தரணி சாட்சி. ஆளுக்கொரு மூலப் பிரதி.

பிறகு

மரண சாசனம் பலர் மறக்கிற ஒன்று. முன்பு ஒன்ராறியோவில் கலியாணம் செய்தால் பழைய மரண சாசனம் தானாக இரத்தாகிவிடும். 2022 ஜனவரி 1 முதல் அப்படி இல்லை. தனியாளாக இருந்தபோது எல்லாம் தம்பிக்கு என்று எழுதியிருந்தால், கலியாணத்துக்குப் பிறகும் அது செல்லும். துணை இறந்தால் மரண சாசனத்தை ஏற்பதா, பிரிவில் வருவதுபோலப் பங்கீட்டுப் பணம் கேட்பதா என்று உயிரோடிருப்பவர் ஆறு மாதத்துக்குள் தேர்ந்துகொள்ளலாம். உங்கள் ஒப்பந்தம் பிரிவுக்கு மட்டுமா, இறப்புக்கும் பொருந்துமா என்று தெளிவாக எழுதாவிட்டால் அங்கேயும் சண்டை வரும். காப்புறுதியிலும் ஓய்வூதியத்திலும் யார் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்று அதே கிழமை பார்த்துவிடுங்கள்.

எழுதியபடி நடவுங்கள். தனித்தனிக் கணக்கு என்று எழுதிவிட்டு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுச் செலவழித்தால், பிறகு எந்தப் பணம் எது என்று பிரிக்க முடியாது.

பிள்ளை பிறந்தால், வீடு மாறினால், ஒருவர் வேலையை விட்டால், ஊர்க் காணி விற்றுக் காசு வந்தால் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். மாற்ற வேண்டும் என்றால் அதுவும் எழுத்தில், இருவரின் கையெழுத்தோடு, சாட்சியோடுதான். ஒரு தம்பதி, பதினைந்து வருடம் சந்தோஷமாக வாழ்ந்தவர்கள், பத்தாவது கலியாண நாளில் "இனி இது எதுக்கு" என்று சமையலறையில் ஒப்பந்தத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தார்கள். இருவரும் அதை மனமார நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் இரத்துச் செய்வதற்கும் எழுத்தும் கையெழுத்தும் சாட்சியும் வேண்டும் என்பதால் ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருந்தது. பிரதி இரண்டு சட்டத்தரணிகளின் கோப்பிலும் கிடந்தது. வீட்டைப் புதிதாக அடகு வைக்க வந்த இடத்தில்தான் அவர்களுக்கு இது தெரிந்தது. அன்றைக்கு ஒரு பக்கத்தில் இரத்துப் பத்திரம் தட்டச்சுச் செய்து, அவரவர் சட்டத்தரணியிடம் காட்டி, அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள்.